பூட்டு நோயாளியின் உடலில், சாவி கம்பெனியின் கையில்!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்து, பாதி மட்டுமே பொருந்திய உறவினரிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற 5 பிள்ளைகள். வயது 3 முதல் 17 வரை. புதிய எதிர்ப்பு சக்தி வளர்வதற்காக, தானம் கொடுத்தவரின் டி-செல்களையும் அவர்களுக்குச் செலுத்தினார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. விருந்தாளியாக வந்த அந்தச் செல்கள், வீட்டுக்காரனையே அன்னியன் என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிடும். தோல், ஈரல், குடல் என்று எதையும் விடாது. ஐவரில் 4 பேருக்கு அதுவே நடந்தது.

மருத்துவர்கள் ஒரே ஒரு முறை ஒரு மருந்தை ஏற்றினார்கள். 30 நிமிடங்களுக்குள் அந்த டி-செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் தாமாகவே செத்து மடிந்தன. நோய் அடங்கியது. திரும்ப வரவும் இல்லை. 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இது வெளியானபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து பார்த்தது.

மந்திரம் எதுவும் இல்லை. உடலுக்குள் அனுப்புவதற்கு முன்பே, அந்தச் செல்களில் திருத்தியமைத்த ஒரு நொதியை வைத்திருந்தார்கள். குறிப்பிட்ட ஒரு மருந்து வந்து தொட்டால் மட்டும் விழித்துக்கொண்டு, தான் குடியிருக்கும் செல்லையே கொல்லும் நொதி அது. பூட்டு செல்லுக்குள்ளே, சாவி மருந்துக் குப்பியிலே.

நல்ல கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாவி உலகில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது! அது எந்த நோய்க்கும் விற்பனை அனுமதி பெற்ற மருந்து அல்ல. பரிசோதனை நடத்துகிறவர்கள் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கிற கம்பெனி கடையைச் சாத்தினால்?

இந்தக் கட்டுரையின் சண்டை நொதியோடு அல்ல, அந்தச் சாவியை வைத்திருக்கும் ஏற்பாட்டோடு.

நொதியில் ஓட்டை போடும் கலை

முதலில் தொழில்நுட்பம் என்ன என்று பார்த்துவிடலாம். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்காதவர்களுக்கும் இது எளிதில் புரியும்.

நொதி என்பது ஒரு புரதம். அதில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள் பொருந்துகிற மூலக்கூறு மட்டுமே அதனோடு வேலை செய்ய முடியும். குழியின் சுவரில் உள்ள ஓர் அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? குழி பெரிதாகும். இனி அந்தக் குழிக்கு ஏற்ற மாதிரி, கொஞ்சம் புடைப்பு வைத்து ஒரு மருந்தைச் செய்யலாம். அந்தப் புடைப்பு மருந்து சாதாரண நொதியின் சின்னக் குழிக்குள் நுழையாது. திருத்திய நொதிக்குள் மட்டும் கச்சிதமாக உட்காரும். உடலில் கோடிக்கணக்கான செல்கள் இருந்தாலும், திருத்தப்பட்ட செல்லுக்கு மட்டுமே அந்த மருந்தின் பாஷை புரியும்.

ஹூஸ்டனில் பயன்பட்டது இந்தக் கலைதான். மனித உடலில் எஃப்.கே.பி.பி.12 என்று ஒரு நொதி இருக்கிறது. அதன் 36-வது இடத்தில் இருக்கும் ஃபீனைல்அலனினை எடுத்துவிட்டு வாலினை வைத்தார்கள். ஒரு சிறு ஓட்டை உண்டானது. அதில் உட்காருகிற ரிமிடுசிட் என்ற மருந்துக்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையும் ஒரு எஃப்.கே.பி.பி.-யைப் பிடிக்கும். அந்த எஃப்.கே.பி.பி.-யோடு, செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் காஸ்பேஸ்-9 என்ற இன்னொரு நொதியை ஒட்டவைத்திருந்தார்கள். மருந்து வந்ததும் இரண்டு காஸ்பேஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். விழித்துக்கொள்ளும். கதை முடிந்தது.

இதே கலையை கெவன் ஷோகாட் என்ற வேதியியலாளர் 1990-களின் பிற்பகுதியில் கைனேஸ் வகை நொதிகளில் செய்து காட்டினார். கைனேஸின் குழி வாசலில் காவலாளி போல் நிற்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சிறிதாக்கினார். உடலில் ஒன்றை ஒன்று உரித்து வைத்தது போல் 500-க்கு மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒன்றை மட்டும் தனியாக நிறுத்திப் பார்க்கும் வழி அப்படிக் கிடைத்தது. எந்தக் கைனேஸை அடக்கினால் புற்றுநோய் அடங்கும் என்று மருந்து செய்வதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொள்ள இது உதவுகிறது.

வேடிக்கை என்னவென்றால், புற்றுநோய்க்கும் இந்தக் கலை தெரியும்! 2001-ல் வந்த இமாடினிப் மருந்து ரத்தப் புற்றுநோயின் ஒரு வகையையே கட்டிப்போட்டது. ஆனால் சில நோயாளிகளின் செல்களில் ஏபிஎல் நொதியின் 315-வது இடத்தில் த்ரியோனின் போய் ஐசோலியூசின் வந்தது. காவலாளி தடித்துப்போனான், மருந்தை வாசலிலேயே நிறுத்திவிட்டான். ஷோகாட் சிறிதாக்கிய அதே காவலாளி இடம்! அந்தக் காவலாளியையும் தாண்டிப் போகிற பொனாடினிப் வர 2012 ஆயிற்று.

தோற்றது தோட்டா, ஜெயித்தது பிரேக்

நொதியை வைத்துப் புற்றுநோயைக் கொல்லலாம் என்ற யோசனை பழசு. 1986-ல் ஃபிரடெரிக் மூல்டன் என்ற அமெரிக்கர், ஹெர்பஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதியைப் புற்று செல்களுக்குள் வைத்துக் காட்டினார். சாதாரண செல்லுக்குப் பெரிய கெடுதல் செய்யாத கான்சிக்ளோவிர் மருந்தை, அந்த நொதி விஷத்தின் முதற்படியாக மாற்றும். பிரியும் செல் செத்துப்போகும்.

1992-ல் எலிகளின் மூளைக்கட்டியில் இது அபாரமாக வேலை செய்தது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு மனிதர்களிடம் வந்தது. மூளைப் புற்றுநோய் நோயாளிகள் 248 பேரை வைத்து நடத்திய மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு 2000-ல் வெளியானது. நொதி மருத்துவம் பெற்றவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 365 நாள். பெறாதவர்கள் 354 நாள். அவ்வளவுதான் வித்தியாசம். வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம்.

நொதி போதாது, இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் உழைத்தார்கள். மார்கரெட் பிளாக் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் தைமிடின் கைனேஸின் குழியைச் சுற்றி அமினோ அமிலங்களைக் கலைத்துப் போட்டு, ஏராளமான வடிவங்களிலிருந்து பொறுக்கியெடுத்தார்கள். அப்படிக் கிடைத்த 'எஸ்.ஆர்.39' என்ற திருத்திய நொதிக்குக் கான்சிக்ளோவிரும் அசைக்ளோவிரும் மிகக் குறைந்த அளவே போதும். சைட்டோசின் டிஅமினேஸ் என்ற பாக்டீரியா நொதியின் 314-வது இடத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றியபோது, அது தன் இயற்கையான உணவைவிட மருந்தையே விரும்பத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் இவை அழகான வெற்றிகள்.

நோயாளியின் படுக்கை அருகே? ஈஸ்டிலிருந்து வரும் சைட்டோசின் டிஅமினேஸை வெப்பம் தாங்கும்படி திருத்தி, வைரஸில் ஏற்றி மூளைப் புற்றுநோய்க்குக் கொடுத்த 'டோகா 5' பரிசோதனையில் 403 பேர் பங்கேற்றார்கள். 2019-ல் தோல்வி. இந்த மருத்துவம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.1 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 12.2 மாதம்.

ஏன் இப்படி? நொதி மோசமானதா? இல்லை. நொதியைக் கட்டியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கொண்டு சேர்க்க முடியவில்லை. தபால் நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. தபால்காரன்தான் பாதித் தெருவோடு திரும்பிவிட்டான். கட்டி ஒரே இடத்தில் இருந்து, ஊசியால் நேராகக் குத்த முடிந்தால் நிலைமை மாறுகிறது. 745 பேர் பங்கேற்ற புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை ஒன்றில், தைமிடின் கைனேஸும் வாலசைக்ளோவிரும் சேர்ந்து, நோய் திரும்புவது அல்லது மரணம் என்ற ஆபத்தை 30 சதவீதம் குறைத்ததாக 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. எனவே தோட்டா முழுக்கத் தோற்றது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் ஹூஸ்டனில் ஏன் அவ்வளவு சுலபமாக ஜெயித்தது? அங்கே தபால்காரனே தேவைப்படவில்லை. செல்லை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் நொதியை வைத்து, வைத்தாகிவிட்டதா என்று சரிபார்த்து, பிறகுதான் உள்ளே அனுப்பினார்கள். நொதியின் சரியான இடம் எதிரியின் உடம்பு அல்ல. எதிரியை அடிக்க அனுப்பும் நம் படைவீரனின் உடம்பு. படைவீரன் தடம் புரண்டால் நிறுத்துவதற்கு! 1997-லேயே இத்தாலியின் மிலான் நகர விஞ்ஞானிகள் தானம் வந்த டி-செல்களில் தைமிடின் கைனேஸை வைத்து இதைச் செய்து காட்டிவிட்டார்கள். நாற்பது ஆண்டு வரலாறு சொல்லும் பாடம் ஒரு வரிதான்: தோட்டாவாகத் தடுமாறிய நொதி, பிரேக்காக அற்புதமாக வேலை செய்கிறது.

பிரேக் இல்லாத பஸ்

பிரேக் இன்று எவ்வளவு அவசியம் என்பதற்குக் கார்-டி சிகிச்சையைப் பார்த்தால் போதும். நோயாளியின் டி-செல்லை எடுத்து, புற்றுநோயைக் கண்டுபிடித்து அடிக்கும்படி மாற்றித் திருப்பி அனுப்புவது. 2017-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. முதல் இரண்டு கார்-டி மருந்துகளை அனுமதித்தது. 2023-ல் இந்தியாவிலும், ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி அனுமதி பெற்றது. சாவின் விளிம்பிலிருந்து மீண்டவர்கள் பலர். இதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இந்தச் செல் மாத்திரை மாதிரி அல்ல. மாத்திரை கரைந்து போகும். செல் பெருகும். 2010-ல் சிகிச்சை பெற்ற இரு நோயாளிகளின் உடலில் பத்தாண்டு கழித்தும் அந்தச் செல்கள் உயிரோடு இருந்ததை 2022-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. புற்றுநோய் திரும்பாமல் காவல் காத்ததால் அது நல்ல செய்தி. அதே நீண்ட ஆயுள், செல் கெட்டுப்போனால் கெட்ட செய்தி.

கெட்டும் போயிருக்கிறது. 2016-ல் ஜூனோ நிறுவனத்தின் கார்-டி பரிசோதனையில் 5 பேர் மூளை வீக்கத்தால் இறந்தார்கள். 2017 மார்ச்சில் அந்த மருந்தே கைவிடப்பட்டது. 2018-ல் வெளியான இன்னொரு சம்பவத்தில், ஆய்வுக்கூடத்தில் தவறிப்போய் ஒரே ஒரு புற்று செல்லுக்குள் கார் மரபணு நுழைந்துவிட்டது. அந்த ஒரு செல் தன்னை மறைத்துக்கொண்டு பெருகி, நோயாளியின் உயிரைக் குடித்தது. 2024-ல் எஃப்.டி.ஏ., கார்-டி மருந்துகளின் பெட்டியில் 'டி-செல் புற்றுநோய் வரலாம்' என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கையைப் போடச் சொன்னது. இது அரிது. நன்மை இன்னும் பெரிது என்றே எஃப்.டி.ஏ.-வும் சொல்கிறது. இருந்தாலும், பெட்டியில் எச்சரிக்கை எழுதுவதும் செல்லுக்குள் பிரேக் வைப்பதும் ஒன்றா?

எஃப்.டி.ஏ. அனுமதித்த கார்-டி மருந்து எதிலும் இப்படிப்பட்ட தற்கொலை நொதி இல்லை. ஒன்றின் மேற்பரப்பில் ஓர் அடையாளப் புரதம் உண்டு. நொதி கிடையாது. ஹூஸ்டன் பிள்ளைகளின் செய்தி வந்து ஆறு ஆண்டு கழித்து அனுமதி பெற்றவை இவை! 'பிரேக் எதற்கு, ஓட்டுநர் திறமைசாலி' என்று சொல்லி பஸ்ஸை மலைப்பாதையில் விடுவார்களா?

'ஸ்டீராய்டு இருக்கிறது, டோசிலிசுமாப் இருக்கிறது, அதுவே போதும்' என்பது வழக்கமான பதில். பெரும்பாலான நேரம் போதும்தான். போதாத நேரம் ஒன்று உண்டு என்பதற்குத்தான் மேலே சொன்ன மரணங்கள். கார்-டி செல்லுக்குள் காஸ்பேஸ்-9 பிரேக் வைத்திருந்த ஒரு ரத்தப் புற்றுநோயாளிக்கு நரம்பு நச்சு முற்றியபோது, ரிமிடுசிட் கொடுத்ததும் அது தணிந்ததை 2021-ல் 'பிளட்' இதழ் வெளியிட்டது. பிரேக் வேலை செய்கிறது. காகிதத்தில் அல்ல, மனிதனிடம்.

'பிரேக் போட்டால் அவ்வளவு விலை கொடுத்த சிகிச்சை வீணாகுமே' என்பது இன்னொரு பதில். முதல் கார்-டி மருந்தின் அறிமுக விலை 4,75,000 டாலர். அதைக் கொல்ல மனம் வராதுதான். ஆனால் பிரேக் இருப்பதாலேயே யாரும் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே போவதில்லை. ஆளைக் காப்பாற்றவா, முதலைக் காப்பாற்றவா என்ற கேள்வி வரும்போது மிதிப்பதற்குத்தான் அது.

சாவி யாரிடம்?

இப்போது விஷயத்தின் மையம். பிரேக் வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி: எந்த மருந்துக்குக் கட்டுப்படும் நொதி?

மிலான் வழியையும் ஹூஸ்டன் வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மிலான் நொதியிலிருந்து வந்த 'சால்மோக்சிஸ்' என்ற செல் மருந்துக்கு 2016-ல் ஐரோப்பா நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. பெரிய பரிசோதனையில் எதிர்பார்த்த பலன் தெரியாததால் 2019-ல் அது சந்தையிலிருந்து விலகியது. வியாபாரம் முடிந்தது. ஆனால் அந்தச் செல்களை உடலில் சுமக்கும் ஒரு நோயாளிக்கு இன்று பிரச்சினை வந்தால்? கான்சிக்ளோவிர் பல கம்பெனிகள் செய்யும் பழைய மருந்து. எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இருக்கும். கம்பெனி போனாலும் சாவி ஊரில் இருக்கிறது.

ஹூஸ்டன் வழி நேர் எதிர். ரிமிடுசிட் வேறு எதற்கும் பயன்படாத மருந்து. அதைச் சார்ந்து வளர்ந்த பெல்லிகம் என்ற நிறுவனம் 2023-ல் தன் மருத்துவப் பரிசோதனைகளை நிறுத்திக்கொண்டது. பலருக்கும் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் ஒரு பத்தி. இப்படி ஒரு மருந்தை நம்பிய செல்லைச் சுமப்பவருக்கோ அது வீட்டுச் சாவியை வைத்திருந்தவன் ஊரைவிட்டே போன செய்தி.

செல் பத்தாண்டுக்கு மேல் வாழும். மரபணு மாற்றிய செல் பெற்றவர்களை 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ.-வே எதிர்பார்க்கிறது. ஆபத்து 15 ஆண்டு நீளம் என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஆபத்தை நிறுத்தும் மருந்துக்கும் அதே 15 ஆண்டு உத்தரவாதம் கேட்பதில் என்ன தவறு? முதலீட்டாளர் பணம் தீர்ந்தால் மூடிவிடுகிற சின்னக் கம்பெனிகள் இதைக் கொடுக்குமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

எதிர்த் தரப்பின் நல்ல வாதம்

எதிர்த் தரப்பிலும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைப்பது நியாயமல்ல.

எல்லோர் கையிலும் இருக்கும் சாவி, தெரியாமலும் பூட்டைத் திறந்துவிடும். ஸ்டெம் செல் பெற்றவர்களுக்கு சைட்டோமெகலோ வைரஸ் தொற்று அடிக்கடி வரும். அதற்கு மருந்தே கான்சிக்ளோவிர்தான். வைரஸுக்காக மருந்து கொடுத்தால், நல்லபடி வேலை செய்துகொண்டிருக்கும் செல்களும் சேர்ந்து சாகும். வேறு எந்த வேலையும் இல்லாத ரிமிடுசிட்டில் இந்தத் தொல்லை இல்லை. புடைப்பும் ஓட்டையும் கண்டுபிடிக்கப்பட்டதே இதற்காகத்தான். தவிர தைமிடின் கைனேஸ் வைரஸ் புரதம் என்பதால் உடல் அதை அன்னியமாகக் கண்டு அந்தச் செல்களையே அழித்துவிடலாம். அதுவும் மெதுவாகத்தான் கொல்லும். செல் பிரியும்போதுதான் விஷம் வேலை செய்யும். மூளை வீங்கும்போது நாட்கணக்கில் காத்திருக்க முடியுமா?

எல்லாம் உண்மை. ஆனால் இவை நிரூபிப்பது என்ன? கான்சிக்ளோவிரும் ஹெர்பஸ் நொதியும் சிறந்த ஜோடி அல்ல என்பதை மட்டும்தான். பொதுவில் கிடைக்கும் மருந்தே கூடாது என்பதை அல்ல.

ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த ராபமைசின் ஓர் உதாரணம். கனடாவின் மான்ட்ரியால் நகரில் சுரேந்திர நாத் சேகல் என்ற இந்திய விஞ்ஞானியும் அவரது குழுவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1999-ல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக அனுமதி பெற்றது. இன்று காப்புரிமை முடிந்த மருந்து. அது இயற்கையிலேயே எஃப்.கே.பி.பி.-யை ஒரு கையிலும் எம்-டார் புரதத்தின் ஒரு துண்டை மறு கையிலும் பிடிக்கும். இரண்டையும் காஸ்பேஸ்-9-ல் ஒட்டவைத்தால் ராபமைசினே சாவி ஆகிவிடும். 2018-ல் இதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். மனிதப் புரதங்கள் என்பதால் அன்னியம் என்ற பயம் குறைவு. காஸ்பேஸ் என்பதால் வேகமும் உண்டு. எதிர்ப்பு சக்தியை அடக்குவது ராபமைசினின் பக்கவிளைவாயிற்றே என்றால், எதிர்ப்பு செல்கள் வெறிபிடித்து ஆடும் நேரத்தில் அந்தப் பக்கவிளைவு ஒன்றும் பகையாளி அல்ல.

தற்செயலாகக் கொடுத்துவிடும் ஆபத்து? அது நிர்வாகப் பிரச்சினை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர் அதைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். இதய பேஸ்மேக்கர் வைத்தவர் அட்டை வைத்திருக்கிறார். 'இவருக்கு இந்த மருந்து கொடுக்காதே' என்று ஓர் அட்டையில் எழுதலாம். கடையில் இல்லாத மருந்தை எந்த அட்டையில் எழுதி வரவழைப்பது? தவறிப்போய்த் திறக்கும் பூட்டுக்கு எச்சரிக்கை போதும். திறக்கவே முடியாத பூட்டுக்கு எதுவும் போதாது.

என்ன கேட்க வேண்டும்?

முதலாவது, வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். இப்போது நடப்பது: அழகான நொதியைச் செய், பிறகு அதற்காகப் புதிய மருந்தைச் செய், இரண்டுக்கும் காப்புரிமை வாங்கு. நடக்க வேண்டியது: முதலில் மருந்தைத் தேர்ந்தெடு. பல காலம் பல பேர் சாப்பிட்டு குணம் தெரிந்த, பல கம்பெனிகள் செய்கிற, காப்புரிமை முடிந்த மருந்தாக அது இருக்கட்டும். பிறகு அதற்குக் கட்டுப்படும்படி நொதியைத் திருத்து. எஸ்.ஆர்.39 நொதி அசைக்ளோவிரையே ஏற்றுக்கொள்ளும்படி திருத்தப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. அக்கிக்கும் அம்மைக்கும் நம்மூர் டாக்டர் சீட்டில் எழுதும் அதே அசைக்ளோவிர்! கடையில் இருக்கும் சாவிக்கு ஏற்பப் பூட்டைச் செதுக்க முடியும் என்று அப்போதே காட்டியாயிற்று.

இரண்டாவது, உடலில் பல்லாண்டு வாழும் எந்த மாற்றிய செல்லுக்கும் அனுமதி கேட்கும்போது, 'பிரேக் எங்கே?' என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சில இடங்களில் நியாயமான காரணம் இருக்கலாம். காரணத்தை நோயாளிக்கும் சொல்லட்டும்.

மூன்றாவது, வேறு வழியே இல்லை, புது மருந்துதான் சாவி என்றால், கண்காணிப்புக் காலம் முழுவதற்குமான இருப்பை நோயாளியின் பெயரில் முன்கூட்டியே வேறிடத்தில் வைக்க வேண்டும். கம்பெனி திவாலானால் செய்முறையைப் பொதுவில் வைக்க வேண்டும்.

'இப்படிக் கட்டுப்பாடு போட்டால் யார் முதலீடு செய்வார்கள்?' என்று கேட்பார்கள். செல்லை விற்று அவர்கள் சம்பாதிக்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஓடும் வண்டியை விற்று லாபம் பார்க்கலாம். பிரேக் பிடிக்கும் உரிமையையும் தன் பையில் வைத்துக்கொள்வதுதான் வேண்டாம் என்கிறது இந்த வாதம். இந்த ஆராய்ச்சியின் அடித்தளத்தில் பல்கலைக்கழகங்களின் உழைப்பும் மக்களின் வரிப்பணமும் கலந்திருக்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காப்புரிமை முடிந்த மருந்துகளை உலகத்துக்கே செய்து அனுப்பும் நாடு இந்தியா. இப்போது சொந்தமாகக் கார்-டி செல்லும் செய்கிறது. மருந்தையும் செல்லையும் ஒரே நாட்டில் வைத்திருக்கிற வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அடுத்த செல்லை வடிவமைக்கும்போது, அதன் பிரேக் சென்னையிலோ, மதுரையிலோ, ஒரு சாதாரண மருந்துக் கடையின் அலமாரியில் இருக்கும்படி செய்ய முடியும்.

1986-ல் மூல்டன் தன் நொதியைப் பற்றி எழுதியபோது, அவர் மனத்தில் இருந்தது வந்துவிட்ட கட்டியைச் சுடும் தோட்டா அல்ல. நோய் வருவதற்கு முன்பே செல்லுக்குள் ஒரு பலவீனத்தை வைத்துவிட வேண்டும், பின்னால் அது கெட்டுப்போனால் அந்தப் பலவீனத்தைத் தொட்டு அழித்துவிடலாம் என்பதே அவர் யோசனை. முன்கூட்டியே வைக்கும் பாதுகாப்பு. பூட்டு செய்யும் வித்தையை அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். நள்ளிரவில் ஒரு வார்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பும்போது, பணி மருத்துவர் கேட்கப் போவது நொதியின் எத்தனையாவது அமினோ அமிலம் மாறியது என்பதை அல்ல. 'மருந்து ஸ்டாக்கில் இருக்கிறதா?' என்றுதான் கேட்பார்.

இருக்கிறது என்ற பதில் அந்த மருத்துவமனையின் மருந்தகத்திலிருந்தே வர வேண்டும்.